நாகர்கோவிலில் உயர்மாடிகள் எங்கே எழும்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

நாகர்கோவிலில் பத்து மாடிக் கட்டடங்களுக்கு இடம் கொடுக்கலாமா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். “மேட்டில் கட்டட்டும், பள்ளத்தில் வேண்டாம்” என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். எந்த மேடு, எந்தப் பள்ளம் என்று கேட்டு வந்த கடிதங்களைப் படித்த பிறகு, அந்த ஒரு வரி போதாது என்று தெரிந்தது. ஆகவே இந்த முறை பக்கம் முழுவதும் இந்த ஒரு பொருளுக்கே.

ஐயா, மாநகராட்சி ஆன பிறகும் நம் ஊர் மூன்று, நான்கு மாடியிலேயே நிற்கிறது. மணிக்கூண்டு நிற்கும் மணிமேடையைச் சுற்றிப் பத்து, பதினைந்து மாடிகளுக்கு அனுமதி கொடுத்தால் என்ன? எந்த ஊரிலும் நடு மையத்தில்தானே உயரமான கட்டடங்கள் இருக்கின்றன?
– வாசகர், வடசேரி

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நம் ஊரின் நடு மையம் எப்படி உண்டானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கோட்டாறு ஒரு பழைய வணிக ஊர். வடசேரி இன்னொரு சந்தை ஊர். இரண்டுக்கும் இடையே போன பாதையின் இரு பக்கமும் கோயில், பள்ளிக்கூடம், நீதிமன்றம், கடைகள் என்று நிரம்பித்தான் இன்றைய நாகர்கோவில் உருவானது. 1893-இல், திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில், மணிமேடை எழுந்தபோது அந்தச் சந்திப்பில் ஓடியவை மாட்டு வண்டிகளும் ஒன்றிரண்டு குதிரை வண்டிகளும். அன்று போட்ட சாலைக் கோடுகளில்தான் இன்றும் பேருந்துகள் திரும்புகின்றன.

உயரமான கட்டடம் என்பது, படுத்திருக்கும் ஒரு தெருவை எழுப்பி நிறுத்துவது போன்றது. அந்தத் தெருவில் இருக்கும் அத்தனை பேரும், அவர்களுடைய வண்டிகளும், குப்பையும், கழிவுநீரும் ஒரே வாசல் வழியாக வெளியே வர வேண்டும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வேப்பமூட்டிலிருந்து மணிமேடை வரை ஒரு முறை காரில் போய்ப் பார்த்தவர்கள், அந்த வாசலை அங்கே திறக்கச் சொல்ல மாட்டார்கள். தீயணைப்பு வண்டி கட்டடத்தைச் சுற்றி வருவதற்கு ஏறத்தாழ 6 மீட்டர் அகலத்தில் திறந்த பாதை வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. மணிமேடையைச் சுற்றியுள்ள பெரும்பாலான மனைகளில் கட்டடத்தையே இடித்தால்தான் 6 மீட்டர் கிடைக்கும்.

மையத்துக்கு உயரமே ஆகாது என்றும் நான் சொல்ல மாட்டேன். அங்கே ஒரே கையில், பெரிய பரப்பில், இரண்டு பக்கமாவது சாலை தொட்டுக் கிடக்கும் நிலங்கள் சில உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பொது நிலங்கள். வடசேரிப் பேருந்து நிலையத்தையோ மீனாட்சிபுரத்து அண்ணா பேருந்து நிலையத்தையோ என்றாவது இடித்துக் கட்டுகிற காலம் வந்தால், கீழே பேருந்துகள், அதற்கு மேல் வாகன நிறுத்தம், அதற்கும் மேல் அலுவலகங்கள் என்று உயர்த்துவதில் நியாயம் இருக்கிறது. பேருந்தில் இறங்கியவர் மேலே ஏறி வேலைக்குப் போய்விடுவார். சாலைக்கு ஒரு வண்டி குறையும். அப்படிப்பட்ட நிலங்களைத் தவிர்த்து, கடைத்தெருவின் ஏழு, எட்டு சென்ட் மனைகளில் விதியைத் தளர்த்தி உயரம் கொடுப்பது ஊருக்குச் செய்யும் கேடு.

“உயர்மாடிக் கட்டடம்” என்று எத்தனை மாடிக்கு மேல் சொல்கிறார்கள்? எங்கள் தெருவில் ஐந்து மாடி வந்தாலே அந்தப் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, ஆரல்வாய்மொழி

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால்தான் உயர்மாடிக் கட்டடம். அடிக்கணக்கில் 60 அடி. கணக்கு மாடியில் இல்லை, உயரத்தில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஐந்து மாடிக் குடியிருப்பு பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரிலேயே கோடு போடுகிறது என்பதால், தீயணைப்பைப் பற்றிப் பேசும்போது சிலர் அந்த அளவைச் சொல்வதுண்டு.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு சொல்கிறேன். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் ஏழு நிலை ராஜகோபுரம் 134 அடி. சட்டம் “உயரம்” என்று சொல்லத் தொடங்கும் அளவைப் போல அது இரண்டு மடங்குக்கும் மேல். உயரத்தைக் கண்டு மிரளுகிற ஊர் நம்முடையதாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கோபுரத்தில் யாரும் குடியிருக்கவில்லை. அதற்குக் குடிநீர்க் குழாயும் கழிவறையும் இல்லை.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள்: தளப்பரப்புக் குறியீடு. எப்.எஸ்.ஐ. என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு இது. உயரமில்லாக் கட்டடத்துக்குப் பொதுவாக 2 மடங்கு, உயர்மாடிக்கு 3.25 மடங்கு வரை. அதுவும் முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தைப் பொறுத்து. சாலை குறுகினால் குறியீடும் குறையும். உயரத்துக்கும் சாலைக்கும் சட்டமே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

நாங்கள் மூன்று தலைமுறையாக நெல் விவசாயம் செய்கிறோம். நான்குவழிச் சாலை வந்ததும், “இவ்வளவு அகலச் சாலை உங்கள் வயல் ஓரத்தில் இருக்கிறது, அடுக்குமாடிக்கு இதைவிட நல்ல இடம் ஏது?” என்று தரகர்கள் வருகிறார்கள். நீங்களும் அகலச் சாலைதான் வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் அவர்கள் சொல்வது சரிதானா?
– வாசகர், தேரூர்

சரியில்லை. அகலச் சாலை முதல் நிபந்தனை. அதுவே முழு நிபந்தனை ஆகிவிடாது. நான்குவழிச் சாலை உங்கள் பக்கத்தில் வயல்களையும் குளக்கரைகளையும் ஊடறுத்துப் போகிறது. சாலை மட்டும் மண் கொட்டி உயர்த்தப்பட்டிருக்கிறது; இரு பக்கமும் நிலம் முன்பு கிடந்த மட்டத்திலேயே கிடக்கிறது. அந்தச் சாலையில் நின்று வயலைப் பார்த்தால் நீங்கள் மேட்டில் நிற்பதாகத் தோன்றும். தண்ணீருக்கு அந்தத் தோற்றம் தெரியாது.

நம் மாவட்டத்தில் பழைய பிரமாணங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, எடுத்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முந்தைய ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கும். அவற்றில் பூமியை இரண்டாகப் பிரித்திருப்பார்கள்: “நிலம்” என்றால் வயல், “புரயிடம்” என்றால் வீடும் தென்னையும் மாவும் நிற்கும் மேட்டுப் பூமி. வீடு புரயிடத்தில், நெல் நிலத்தில். ஊர்ப் பெயர்களும் அதைத்தான் சொல்கின்றன. வலம்புரிவிளை, வாத்தியார்விளை என்று “விளை” சேர்ந்த பெயர்கள் மேட்டுப் பூமியைக் குறிப்பவை. “குளம்”, “ஏலா”, “பற்று” என்று வந்தால் தண்ணீருக்கு அங்கே முன்னுரிமை உண்டு. செட்டிகுளம் சந்திப்பில் இன்று யாரும் குளத்தைத் தேடுவதில்லை. பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. பொறியாளர்கள் மட்டக் கருவி கொண்டுவந்து அளப்பதற்கு நூறு வருடம் முன்பே நம் ஆட்கள் அளந்து பெயர் வைத்துவிட்டார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

2021 நவம்பர் மழையின்போது நடந்ததைச் சொல்கிறேன். வயலை மண் கொட்டி நிரத்திக் கட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் என் நண்பர் ஒருவர் வீடு வாங்கியிருந்தார். கட்டியவரின் பெயர் இங்கே வேண்டாம். மழை விட்ட மூன்றாம் நாள் நான் போனபோது மின்தூக்கி ஓடவில்லை. காவலாளி கதவை நெம்பித் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். மின்தூக்கிக் குழிக்குள் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அதில் விரல் நீளக் கெண்டைக் குஞ்சுகள் நாலைந்து, வெளிச்சத்தைக் கண்டு ஒரு மூலைக்கு ஒதுங்கின. தரைத்தளத்துக்குக் கீழே இருந்த கார் நிறுத்தத்தில் மோட்டார் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. இறைத்த தண்ணீர் மதிலுக்கு வெளியே மிச்சமிருந்த வயலில் விழுந்து, மறுபடியும் சுவரின் அடி வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த வீடுகளின் விலைப் பட்டியலில் “வயல் காட்சி” என்று தனியாக ஒரு தொகை வாங்கியிருந்தார்கள்.

உங்கள் ஊர் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதி 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 94 ஹெக்டேர். நம் மாவட்டத்து வேம்பனூர் நீர்நிலையும் அதே ஆண்டில் அந்தப் பட்டியலுக்கு வந்தது. 2017-ஆம் ஆண்டின் நீர்நிலைப் பாதுகாப்பு விதிகளின்படி, கடந்த பத்தாண்டுகளில் வெள்ளம் எட்டிய சராசரி மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டடம் கூடாது. 50 மீட்டர் என்பது சட்டத்தின் குறைந்த அளவு. குளத்துக்கு வரும் பறவைகள் இரை தேடுவது குளத்தில் மட்டுமா? சுற்றியிருக்கும் வயல்களிலும்தான். வயல் போனால் குளம் வெறும் தண்ணீர்த் தொட்டி.

இதெல்லாம் விவசாயிக்குச் சோறு போடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் மேட்டு நிலம் 43,560 சதுர அடி. அதில் 3.25 மடங்கு கட்டினால் ஏறத்தாழ 1,41,500 சதுர அடி. பொது இடங்களின் பங்கையும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 1,400 சதுர அடி என்று வைத்தால் நூறு வீடுகள். அதே நூறு குடும்பங்களுக்கு ஐந்து சென்ட் வீதம் மனை போட்டால் 500 சென்ட், அதாவது ஐந்து ஏக்கர். சாலைக்கும் பூங்காவுக்கும் விட்டால் ஏழு ஏக்கர் வரை போகும். நாஞ்சில் நாட்டு வயல்களை இதுவரை தின்றவை பத்து மாடிக் கட்டடங்கள் இல்லை. ஐந்து சென்ட் மனைகள்தான். ஆகவே மேட்டில் உயர்த்திக் கட்டுவதை எதிர்க்கிறவர், தெரிந்தோ தெரியாமலோ, வயலில் மனை போடுகிறவருக்குத் துணை போகிறார். ஆனால் மேட்டில் உயரத்தை அனுமதித்துவிட்டு வயலையும் திறந்து வைத்தால் இரண்டும் போகும். அண்டையில் கேரளம் 2008-இல் நெல்வயல்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. எல்லையில் களியக்காவிளை தாண்டியதும் வயலுக்கு ஒரு சட்டம், தாண்டுவதற்கு முன் இன்னொரு நிலை என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. வயலை வயலாக வைத்திருப்பவருக்கு ஊர் ஏதாவது கைம்மாறு செய்யத்தான் வேண்டும். உயர்மாடிக்காரர் கூடுதல் தளப்பரப்புக்கு அரசிடம் செலுத்தும் தொகையில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கலாம் என்பது என் யோசனை.

எங்கே கூடாது என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். எங்கே கட்டலாம் என்று இடத்தைச் சொல்லுங்கள்.
– வாசகர், ஆசாரிபள்ளம்

இடத்தைச் சொன்னால் மறுநாளே சென்ட் விலை ஏறும் என்று தெரிந்தும் சொல்கிறேன்.

முதலாவது, ஆட்சியர் அலுவலகச் சந்திப்பிலிருந்து பார்வதிபுரம் வழியாகச் சுங்கான்கடை நோக்கிப் போகும் திருவனந்தபுரம் சாலையின் மேட்டுப் பகுதிகள். பார்வதிபுரத்தில் மேம்பாலம் வந்த பிறகு நெடுந்தூர வண்டிகள் மேலே போய்விடுகின்றன. அரசு அலுவலகங்கள் ஒரு முனையில், கல்லூரிகள் மறுமுனையில். வேலைக்குப் போகிறவரும் படிக்கப் போகிறவரும் அதே தடத்தில் பேருந்து பிடிக்கலாம். ஆனால் அங்கும் அனந்தனார் சானல் என்ற பாசனக் கால்வாய் ஓடுகிறது. சானல்கரையை ஒட்டிய தாழ்ந்த துண்டுகளை இதில் சேர்க்கக் கூடாது. சானலின் இரு கரையிலும் நடைபாதைக்கும் மரத்துக்கும் இடம் விட்ட பிறகு மிஞ்சும் மேட்டில்தான் உயரம்.

இரண்டாவது, உங்கள் ஆசாரிபள்ளம். மருத்துவக் கல்லூரி இருக்குமிடத்தில் ஆட்கள் எப்படியும் வருவார்கள்: மருத்துவர்கள், செவிலியர்கள், மாணவர்கள், நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்கள். இப்போது அவர்கள் சிறு சந்துகளில் வாடகை வீடு தேடி அலைகிறார்கள். கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் எட்டு, பத்து மாடிக் குடியிருப்புகள் வருவது நியாயம்தான். ஆனால் சாலையை முதலில் அகலப்படுத்த வேண்டும். கட்டடம் வந்த பிறகு சாலையை அகலப்படுத்திய ஊரை நான் இதுவரை பார்க்கவில்லை. அவசர ஊர்தி போகும் வழியில் சிமென்ட் லாரிகள் நிற்கக் கூடாது என்பதையும் அனுமதியிலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, கோணம் பக்கம். பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கும் பகுதி. இதை மூன்றாவதாக வைப்பதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, ஊரின் பேருந்து வசதி அங்கே இன்னும் மெலிவாக இருக்கிறது.

ஒழுகினசேரிப் பக்கத்தை நான் சேர்க்கவில்லை. திருநெல்வேலிச் சாலை அகலமாக இருந்தாலும், பழையாறு அங்கே ஊரைத் தொட்டுப் போகிறது. சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேரும் வரை அந்த ஆறு பெருகி விரிய ஓர் இடம் வேண்டும். மேலே மழை கொட்டும்போது ஆற்றுக்கு இடம் கொடுக்காத கரை, பிறகு வீட்டுக்குள் இடம் கொடுக்கும்.

கோட்டாறு கம்பளம் சந்தைப் பக்கத்தில் எனக்கு ஆறு சென்டில் பழைய கடையும் வீடும் இருக்கிறது. இடித்துவிட்டு ஏழு மாடி கட்ட ஆசை. பக்கத்துக் கடைக்காரரும் தயார். முடியுமா?
– வாசகர், கோட்டாறு

தனியாக முடியாது. சேர்ந்தாலும் ஏழு மாடி கடினம். ஆறு சென்ட் என்பது 2,613 சதுர அடி. நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை விட்டால் நடுவில் ஒரு படிக்கட்டும் மின்தூக்கியும் போக மிஞ்சுவது ஒரு பெரிய கூடம்தான். உயர்மாடிக்கு உயரம் கூடக் கூட, விட வேண்டிய இடமும் கூடும்.

நீங்களும் பக்கத்துக்காரரும் சேர்ந்து, 18.30 மீட்டருக்குள், கீழே கடை, மேலே வீடு என்று கட்டுங்கள். கோட்டாறு அப்படித்தான் வாழ்ந்த ஊர். மேலே குடும்பமும் கீழே தராசும். ஒரு வேண்டுகோள்: அரிசி மூட்டை ஏற்றி இறக்க லாரி நிற்கும் இடத்தை உங்கள் மனைக்குள்ளேயே ஒதுக்குங்கள். அந்த ஓர் ஏற்பாட்டைச் செய்தாலே கம்பளம் தெருவுக்கு மூச்சு வரும்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் பன்னிரண்டு மாடி வரப்போகிறது என்கிறார்கள். எங்கள் கிணறு வற்றிவிடுமா? கழிவுநீர் எங்கே போகும்?
– வாசகி, பார்வதிபுரம்

நூறு வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு வழக்கமாகப் போடும் கணக்கு. மொத்தம் 54,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் நாலரை லாரி. அதில் ஐந்தில் நான்கு பங்கு, ஏறத்தாழ 43,000 லிட்டர், கழிவுநீராக வெளியே வரும்.

நாகர்கோவிலுக்குக் குடிநீர் தந்துவரும் முக்கடல் அணையின் முழு மட்டம் 25 அடி. கோடை வந்தால் அது “மைனஸ்” கணக்கில் போவதை நாளிதழில் படித்து வளர்ந்தவர்கள் நாம். புத்தன் அணைத் தண்ணீரும் ஊருக்கென்று திட்டமிடப்பட்டதுதான். ஆனால் குழாயில் வராத நாளில் அடுக்குமாடிக்காரர்கள் ஆழ்துளைக் கிணற்றைத்தான் நம்புவார்கள். 400 அடியில் இரவெல்லாம் மோட்டார் ஓடினால், 30 அடியில் இருக்கும் உங்கள் உறைக்கிணறு அதை உணரும் வாய்ப்பு உண்டு. பாறை அமைப்பைப் பொறுத்தது என்பதால் வற்றியே தீரும் என்று சொல்ல மாட்டேன். கட்டடம் தொடங்குவதற்கு முன்பே உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை கயிறு விட்டு அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு வழக்கு என்று வந்தால் அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

கழிவுநீர் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். பாதாள சாக்கடை வந்து சேர்ந்த தெருக்களில் மட்டும் உயர்மாடிக்கு அனுமதி; அல்லது கட்டடத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் கட்டி, அந்த நீரைக் கழிவறைக்கும் தோட்டத்துக்கும் திருப்ப வேண்டும். “பாதாள சாக்கடை வந்துவிடும்” என்ற வாக்குறுதியின் பேரில் கட்டடத்தைத் திறந்தால், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு குழாய் சானலை நோக்கி நீளும். 2003 முதல் மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால் அதையும் கேளுங்கள். வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா, தொட்டி உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

கன்னியாகுமரியில் கடலைப் பார்த்தபடி இருபது மாடி விடுதிகள் வந்தால் சுற்றுலா வளரும் என்கிறேன் நான். என் அண்ணன் கூடாது என்கிறார். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், கன்னியாகுமரி

அண்ணன் பக்கம். உயர் அலை எட்டும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். ஏற்கெனவே வளர்ந்த நகர்ப் பகுதியில், இருக்கும் சாலைக்கு அல்லது அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கு நிலப்பக்கமாகத்தான் கட்டலாம். 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டடத்துக்கே இடமில்லை; அடுத்த பகுதியிலும் 9 மீட்டர், இரண்டு தளம் என்ற வரம்பு. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்களுக்குச் சில தளர்வுகள் தந்தது. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட கடற்கரையில், கொளச்சலிலும் மணக்குடியிலும் உறவுகளை இழந்த மாவட்டத்தில், தளர்வை முதலில் தேடுகிறவர்கள் யார் என்று யோசிக்க வேண்டும்.

அதோடு, அந்த ஊருக்கு மக்கள் வருவது எதைப் பார்க்க? பாறையில் 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கிறார். கரையில் இருபது மாடி, அதாவது 200 அடி எழும்பினால், படகிலிருந்து கரையைத் திரும்பிப் பார்க்கிறவருக்குக் குளிர்சாதனப் பெட்டிகளின் வரிசைதான் தெரியும். பெரிய விடுதிகள் வேண்டுமானால் கடற்கரையை விட்டு உள்ளே, நாகர்கோவில் சாலையில், மேட்டு நிலத்தில் வரட்டும். விடிகாலை நான்கரை மணிக்குச் சிற்றுந்தில் அழைத்துப் போனால் சூரியோதயத்துக்கு நேரம் சரியாக இருக்கும்.

எல்லாமே நாகர்கோவிலுக்குத்தானா? மார்த்தாண்டத்தில் ஏன் உயர்மாடி கூடாது?
– வாசகர், மார்த்தாண்டம்

கூடாது என்று சொல்லவில்லை. மேம்பாலம் வந்தும் கடைவீதி மூச்சு முட்டுகிற ஊர் உங்களுடையது. பாலத்துக்கு அடியில் இருக்கும் அந்த வீதியில் மட்டும் வேண்டாம். ஊரை விட்டு வெளியே, குழித்துறை ஆற்றுக்கு எட்டாத மேட்டில், சாலை அகலம் உள்ள இடத்தில் பார்க்கலாம். மலையோரக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென்று தனி அனுமதி வாங்க வேண்டியவை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். மகன் வெளிநாட்டில். புதிதாக வரும் ஒரு கட்டடத்தில் எட்டாவது மாடியில் வீடு வாங்கச் சொல்கிறான். காற்று நன்றாக வருமாம். வாங்கலாமா ஐயா?
– வாசகி, தக்கலை

காற்று வருவது உண்மைதான் அம்மா. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று. எட்டாவது மாடியில் ஜன்னல் கண்ணாடியின் தடிமனையும் அதன் சட்டகம் சுவரில் பதிந்திருக்கும் விதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நான் நான்காவது மாடியில் குடியிருந்தேன். எங்கள் பகுதியில் ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் இரண்டாம் நாள் டீசல் இல்லாமல் நின்றது; பெட்ரோல் பங்குகளில் வரிசை. மேல்தொட்டி காலியானதும் கீழே சம்பிலிருந்து வாளியில் கோரி மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. நான்கு மாடி, எழுபத்திரண்டு படி. முதல் நாள் இரண்டு குடம் தூக்கினேன். மூன்றாம் நாள் ஒரு குடம், அதுவும் பாதிக் குடம். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இறக்கி வைத்து, சுவரில் சாய்ந்து நின்று, பிறகு தூக்கினேன். மேல் வீட்டில் இருந்த வயதான தம்பதி எட்டு நாளும் கீழே இறங்கவே இல்லை. பிள்ளைகள் போல நாங்கள்தான் பால் பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஆகவே மாதிரி வீட்டை விற்பனையாளர் காட்டும்போது, மின்தூக்கியில் ஏறாதீர்கள். ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், மின்தூக்கிகள் எத்தனை அதனோடு இணைந்திருக்கின்றன, தீ விபத்துக்கான இரண்டாவது படிக்கட்டு பூட்டப்பட்டிருக்கிறதா, இடையில் ஒதுங்கி நிற்கும் தளம் எந்த மாடியில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த இடத்தின் பழைய பிரமாணத்தை வாங்கி, “நிலம்” என்று இருக்கிறதா, “புரயிடம்” என்று இருக்கிறதா என மலையாளம் தெரிந்த ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். பிறகு எட்டாவது மாடி வரை ஒரு முறை படியேறிப் பாருங்கள். மூட்டுவலி அனுமதித்தால் வாங்கலாம். இல்லையென்றால் அதே கட்டடத்தில் இரண்டாவது மாடி இருக்கிறதா என்று விசாரியுங்கள், விலையும் சற்றுக் குறையும்.